கடைசியாகத் தொடும் கூண்டு

காளையார்கோவில் பக்கம் ஒருத்தர் பண்ணையை மூடுகிறார் என்று
மில்லுக்கு லோடு ஏற்ற வந்த சூசைராஜ் சொன்னான்.
முப்பது காடை, பாதி விலை.
"கூட்டம் தெளிவா இருக்கு" என்றார் அவர்,
கூண்டுப் பக்கம் பார்க்காமல்.
அந்தப் பாதி விலையை நான் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

டிவிஎஸ்ஸில் கட்டிப் புதுவயல் வந்து சேர இருட்டிவிட்டது.
இருந்தது ஒரே கூண்டு. அதில் என் பழைய பன்னிரண்டு.
ஒரு ராத்திரிதானே என்று
நடுவில் சாக்கைத் தொங்கவிட்டேன்.
சாக்குக்கு அடியில் இரண்டு பக்கமும் நீண்டிருந்த
தண்ணீர்த் தட்டைக் காலையில்தான் பார்த்தேன்.

காடை தன் நோயைச் சொல்லாது.
ஆள் வந்தால் கழுத்தை நிமிர்த்தும்,
பசித்ததுபோல் கொத்தும்;
கொத்திய இடத்தில் தீனி அப்படியே கிடக்கும்.
பருந்துக்குத் தெரியக் கூடாதென்று பழகியது
எனக்கும் தெரியவிடாது.
ஆகவே போவதுபோல் போய்,
பின்சுவர் ஓட்டையில் கண் வைத்துக்
கொசுக்கடியோடு நின்றேன்.

மூன்றாம் நாள்
மூலையில் ஒன்று
இறகை உப்பித்
தன்னைத் தானே போர்த்திக்கொண்டு,
கண் பாதி மூடி.
உமியில் சுண்ணாம்புத் தண்ணீர் தெளித்தாற்போல எச்சம்.
காலில் நீல நூல்.
நான் கட்டிய நூல்.
வந்தவை தின்றுகொண்டிருந்தன.

கால்நடை மருந்தகத்தில் டாக்டர் உமையாள்
பறவையைக் கேட்கவில்லை, எச்சத்தைக் கேட்டார்.
மாத்திரை டப்பாவில் கொண்டுபோயிருந்தேன்.
கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே,
"காலையில யாரை முதல்ல தொடுவீங்க?"
நோவு கண்டதைத்தான், வேறு யாரை?
தூக்கி, தடவி, ரெண்டு சொட்டுத் தண்ணி விட்டு,
பிறகு அதே கையால் மற்றதுகளுக்கு…
பாதியில் நிறுத்திக்கொண்டேன்.
அவர் சீட்டு எழுதினார்.
"பாசத்தைக் கடைசி ரவுண்டுக்கு வச்சுக்குங்க."

அதிலிருந்து மூன்று கூண்டு, மூன்று குவளை.
நோயுற்றதன் வாசலில் தனிச் செருப்பு.
தண்ணீரில் மருந்துப் பொடி, மூடியால் அளந்து.
அறுபது வாட் பல்பு ஒன்று.
உமிக்கு மட்டும் இந்த ஊரில் பஞ்சமில்லை:
அரவை முடிந்த சூட்டோடு அள்ளி வந்து
ஈரம் கண்ட இடமெல்லாம் மாற்றினேன்.
முட்டை வெள்ளையும் சுண்ணாம்பும் குழைத்துச்
சுவரில் முகம் பார்த்த ஊர் இது.
என் பங்குச் சுண்ணாம்பு குழிக்குப் போனது,
முட்டையிடாமல் போனதுகளின் மேல்.

நீல நூல்தான் முதலில்.
பிறகு நாலு. பிறகு ஒன்று.
இரண்டு நாள் யாருமில்லை; சூசைராஜுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.
மறுநாள் ஐந்து.

பத்தொன்பதாம் நாள்
கானாடுகாத்தான் ஓட்டலிலிருந்து சமையல்கார வயிரவன்:
"ஞாயித்துக்கிழமை கல்யாண பார்ட்டி, முப்பது வேணும்.
ஆயிரம் கோழிக்கு அரைக்காடைன்னு சும்மாவா சொன்னாக!
என்ன விலைன்னாலும் சரி. கூட்டம் எப்படி?"

கையில் இருந்தது முப்பத்தொன்று.
மில் சம்பளம் வர இன்னும் எட்டு நாள்.
"கூட்டம் தெளி" வரை வந்துவிட்டது வாயில்.
அப்போது கவனித்தேன்,
நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.
காளையார்கோவில்காரரும்
இப்படித்தான் நின்றிருப்பார்,
வீட்டில் எத்தனை பேரோ.

மருந்து இன்னும் உடம்பில் இருக்கு என்றேன்.
"அட, மசாலாவில் அதெல்லாம் தெரியாதுப்பா."
எனக்குத் தெரியும் என்றேன்.
வைத்துவிட்டார். வேறெங்காவது வாங்கியிருப்பார்.

இருபத்தோராம் நாள் காலை
கடைசிக் கூண்டில், கடைசியாகக் கை விட்டபோது
உமிக்குள் வெதுவெதுப்பாய் ஒரு முட்டை.
துடைத்து வெளிச்சத்தில் பிடித்தேன்.
ஒரு புள்ளி இல்லை.
வெறும் வெள்ளை,
எழுத எடுத்துவிட்டு அயர்ந்து படுத்தவர் தாள் மாதிரி.

நாட்காட்டியில்
இன்னும் ஏழு கட்டம் போட்டேன்.